ரைசன் 5 2600 பிராசஸரை மாற்றுவது செலவுக்குத் தகுமா?

குன்னூரில் பி450 மதர்போர்டும் ரைசன் 5 2600-உம் வைத்து விளையாடும் நீங்கள், புதிய பிராசஸரான ரைசன் 5 5600 வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை. பிரேம் வரம்பை (நொடிக்கு இத்தனை படங்கள்தான் என்ற கட்டுப்பாட்டை) நீக்கிவிட்டு, விளையாட்டின் தெளிவுத்திறனை 1080-லிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்கள். பிரேம்கள் எகிறினால் தடை கிராபிக்ஸ் கார்டில்தான். புதிய பிராசஸர் வீண் செலவு. எண்ணிக்கை அசையாமல் நின்றால் திணறுவது பிராசஸர். அப்போது தயங்காமல் வாங்குங்கள்: போர்டில் பிராசஸர் பொருந்தும் அதே ஏஎம்4 சாக்கெட்தான், போர்டையும் ரேமையும் மாற்ற வேண்டியதில்லை.

புதிய பிராசஸரைப் போர்டு அடையாளம் காண, பழையது இருக்கும்போதே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். மழைக்காலத்தில் நம் மலையில் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? கோத்தகிரியில் என் போர்டு ஒன்று அப்படித்தான், பாதிப் புதுப்பிப்பில் செத்தது. யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.