'400 சதுர அடி வரை'ன்னு அட்டையில் போட்டிருக்கே, வாங்கலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். பெண்ணுக்கு வீசிங் என்பதால் படுக்கையறைக்கு ஏர் பியூரிஃபையர் பார்க்கிறோம். அறை 14-க்கு 12, உயரம் 10 அடி. கடையில் காட்டிய மாடலின் அட்டையில் '400 சதுர அடி வரை' என்று பெரிதாகவும், கீழே பொடி எழுத்தில் 'சிஏடிஆர் 200' என்றும் இருக்கிறது. எங்கள் அறை 168 சதுர அடிதானே, தாராளமாகப் போதுமா?

பதில்: அந்த 400-ஐ மறந்துவிடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் 200-தான் விஷயமே. மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை மெஷின் தரும் என்பதுதான் சிஏடிஆர் (சில மாடல்களில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று போட்டிருப்பார்கள், அதை 1.7-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்).

உங்கள் அறை 14 × 12 × 10, அதாவது 1,680 கன அடி. 35-ஆல் வகுத்தால் 48 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது அறைக்காற்று முழுக்க ஃபில்டர் வழியாகப் போய் வரவேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு, வீசிங் உள்ள பிள்ளைக்கு இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆக 48 × 5, சிஏடிஆர் 240 வேண்டும். இதே மெஷினை நிஜமாகவே 400 சதுர அடி ஹாலில் வைத்தால் மணிக்கு இரண்டு முறைகூடத் தேறாது. பொய் என்று சொல்ல முடியாது, விற்கிறவர்கள் கணக்கு அப்படி.

சரி, உங்கள் அறையில் 200 என்றால் நான்கு முறை வருமே, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அது ஃபுல் ஸ்பீடில் அளந்த எண். அந்த இரைச்சலில் யார் தூங்குவது? ராத்திரி ஸ்லீப் மோடில் போட்டால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் 350 பக்கத்தில் இருப்பதாக வாங்கி, நடு ஸ்பீடில் ஓட்டுங்கள். பட்ஜெட் இடித்தால் 250-க்குக் குறையாமல் எடுத்து, படுக்கும் முன் கதவைச் சாத்தி அரை மணி நேரம் ஃபுல்லில் ஓடவிட்டு அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். ஸ்பிளிட் ஏசி ஓடினால் பிரச்சினையில்லை, அது உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. கொசுவத்திச் சுருள் கொளுத்துகிற வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், அதுக்குக் காசே செலவில்லை.

இன்னொன்று, மாற்று ஃபில்டர் என்ன விலை, சுலபமாகக் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், பல மாடல்களில் ஃபில்டர் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கும், அதைப் பிரிக்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

கேள்வி: சில நாள் ராத்திரி கெமிக்கல் நெடி அடிக்கிறது. இன்னும் பெரிய மெஷின் வாங்கினால் போய்விடுமா?

பதில்: போகாது. சிஏடிஆர் தூசிக்கும் புகைக்குமான கணக்கு. நெடி என்பது வாயு, தூசியைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டரில் நிற்காது. அதுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் (வாயுவைப் பிடித்துவைக்கும் கரி) வேண்டும், அதுவும் கறுப்பாக மெல்லிசாக ஒரு ஷீட் ஒட்டியிருப்பது சீக்கிரமே தீர்ந்துவிடும். குலுக்கினால் கரித்துண்டுகள் சலசலக்கிற மாதிரி கனமான ஃபில்டராகக் கேளுங்கள். நாற்றத்தைப் போக்க ஓசோன் விடுகிற மாடலை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வீசிங் இருக்கிற பெண்ணுக்கு அது நேரெதிர்.