72 கோல் அடித்து 81 வாங்கிய அணி

அன்புள்ள ஐயா,

நான் பதினான்கு ஆண்டுகளாக மான்செஸ்டரை அடுத்த ஓல்டாமில் வசிக்கிறேன். ஊர் அணியான ஓல்டாம் அத்லெடிக்கின் ஆட்டங்களுக்கு ஆண்டுதோறும் சீசன் டிக்கெட் எடுத்துச் செல்பவன். 2022-இல் எங்கள் அணி இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் நிலையான லீக் டூவிலிருந்து கீழே விழுந்ததை மைதானத்தில் இருந்தே பார்த்தேன். 2025-இல் திரும்பி வந்துவிட்டோம். ஆனாலும் ஓர் ஆட்டம் தோற்றால் போதும், பழைய வழக்கு மறுபடியும் தொடங்கிவிடுகிறது. அன்று விழுந்ததற்குப் பயிற்சியாளர்களின் வியூகமே காரணம் என்பது என் கட்சி. பக்கத்து இருக்கைக்கு நாற்பது ஆண்டுகளாக வரும் பெரியவரோ, அந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு யார் வந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்கிறார். கால்பந்தைப் பற்றி அவ்வப்போது எழுதுபவர் என்பதால் கேட்கிறேன். நீங்கள் யார் பக்கம்?

இரா., ஓல்டாம்

அன்புள்ள இரா.,

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு விருப்பமில்லை. ஆண்டுவாரியாகத் தீர்ப்புச் சொல்கிறேன். 2020-21 பருவத்துக்கு நான் உங்கள் பக்கம். 2021-22 பருவத்துக்குப் பெரியவர் பக்கம். ஆனால் அணி உண்மையில் தோற்றது இந்த இரண்டு பருவங்களுக்கும் நடுவில், ஒரு ஆட்டமும் நடக்காத கோடை மாதங்களில் என்பது என் எண்ணம்.

முதல் பருவத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 24 அணிகள், அணிக்கு 46 ஆட்டங்கள் கொண்ட அந்த லீகில் ஓல்டாம் 72 கோல்கள் அடித்தது. கேம்பிரிட்ஜ் யுனைடெட் மட்டுமே 73 அடித்து முன்னால் நின்றது. பட்டம் வென்ற செல்ட்டன்ஹாம் அடித்ததே 61தான். அதே ஓல்டாம் வாங்கிய கோல்கள் 81. லீகில் வேறு எந்த அணியும் அவ்வளவு வாங்கவில்லை. முடிவில் கிடைத்தது பதினெட்டாம் இடம். செல்ட்டன்ஹாமைவிடப் பதினொரு கோல் கூடுதலாக அடித்த ஓர் அணியைப் பார்த்து ஆட்டக்காரர்களிடம் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. திறமை ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது. அதற்கு விலையாக மறுபக்கம் திறந்து கிடந்தது. அந்த விலையைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதுதான் வியூகம். பருவத்தின் பெரும்பகுதிக்கு ஹாரி கியூவெல் பயிற்சியாளர் பொறுப்பில் இருந்தார். 2021 மார்ச்சில் அவரை நீக்கிவிட்டுக் கீத் கர்லைக் கொண்டுவந்தார்கள். இந்தப் பருவத்தைப் பற்றி நீங்கள் சொல்வது அனைத்தையும் ஏற்கிறேன்.

அடுத்த பருவத்தின் கணக்கு வேறு மாதிரி. அடித்தது 46, வாங்கியது 75, புள்ளிகள் 38, இடம் இருபத்து மூன்று. கடைசி இரண்டு இடங்களில் நிற்பவை ஐந்தாம் நிலையான நேஷனல் லீகுக்குப் போயாக வேண்டும் என்பதால் ஓல்டாம் போனது. இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டையை அடைக்கப் புறப்பட்ட அணி வாங்குவதில் ஆறு கோல்களைத்தான் மிச்சப்படுத்தியது. அடிப்பதில் இருபத்தாறு கோல்களை இழந்தது. முந்தைய பருவத்தில் கோல்களைக் குவித்த கானர் மெக்அலெனி அந்தக் கோடையில் அதே லீகின் சால்ஃபோர்டு அணிக்குப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஆள் இல்லாதபோது, பின்களத்தை எப்படி நிறுத்தினாலும் பந்து திரும்பத் திரும்ப அங்கேதான் வந்துகொண்டிருக்கும். இந்த ஆண்டைப் பற்றிப் பெரியவர் சொல்வது சரி. 2022 ஏப்ரல் 23 அன்று உங்கள் மைதானமான பவுண்டரி பார்க்கில் அணியைக் கீழே தள்ளிய 2-1 தோல்வியும் அதே சால்ஃபோர்டிடம்தான் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி ஆட்டம் நின்றதும், மீதி நிமிடங்களை ஆளில்லாத மைதானத்தில் ஆடி முடித்ததும், 1907 முதல் விடாமல் லீகில் (இன்று மேல் நான்கு நிலைகள்) இருந்துவந்த ஒரு கழகம், பிரீமியர் லீகில் ஆடிய அணிகளில் முதலாவதாக லீகை விட்டே வெளியேறியதும் நீங்கள் கண்ணால் கண்டவை.

இனி, உங்கள் வழக்கு ஏன் தீராமல் இழுத்துக்கொண்டே போகிறது என்பதற்கு வருகிறேன். ஸ்டாண்டிலிருந்து பார்ப்பவருக்கு வியூகப் பிழையும் ஆட்டக்காரரின் குறையும் ஒரே மாதிரிதான் தெரியும். கல்லூரி நாட்களில் நான் சென்டர்-பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரனாக ஆடினேன். எனக்கு வேகம் போதாது. எதிரணியில் ஓடக்கூடிய ஒரு பையன் இருந்துவிட்டால், அவன் என்னைத் தாண்டிப் போய்விடுவான் என்ற பயத்தில், என்னை அறியாமலே ஐந்தாறு அடி பின்னால் போய் நிற்பேன். நான் பின்னால் போனால் பக்கத்தில் நிற்பவனும் போவான். நால்வர் வரிசை மொத்தமும் பெனால்டி பகுதியை ஒட்டிப் போய்விடும். முன்னால் எங்கள் ஸ்டிரைக்கர் நடுக்கோட்டைத் தாண்டி நிற்பான். எங்கள் கோல்கீப்பர் உயரமாக உதைப்பார், ஸ்டிரைக்கர் எம்பித் தலையால் தட்டுவான், பந்து பத்தடி தள்ளி விழும். அங்கே ஆள் இருக்கமாட்டான். இரண்டு வரிசைக்கும் நடுவில் பாதி மைதானத்தைக் கட்டிக் காக்க வேண்டியிருந்த நடுக்கள ஆட்டக்காரர்கள் இருவரும் மூச்சு வாங்க ஓடி வருவதற்குள் பந்து எதிராளியின் காலில் இருக்கும். இடைவேளையில் பயிற்சியாளர் அந்த இருவரைத்தான் திட்டினார், உழைக்கவில்லை என்று. குறை என் கால்களில் இருந்தது. அது என்னிடமிருந்து ஆரம்பித்தது என்று அன்று சொல்லாமல் இருந்ததை நினைத்து இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

தலையால் தட்டப்பட்ட பந்து விழும் இடத்தைக் கைப்பற்றுவதைத்தான் உங்கள் ஊரில் செகண்ட் பால் என்கிறார்கள். நான்காம் நிலை லீகில் பந்து அதிக நேரம் காற்றில்தான் இருக்கும்; கனமான குளிர்காலக் களம், சனி, செவ்வாய், மீண்டும் சனி என்று நெருக்கியடிக்கும் ஆட்டங்கள், இடையில் பயிற்சிக்குக் கிடைக்கும் ஓரிரு நாட்கள், இவற்றோடு பின்களத்திலிருந்து பந்தைக் கோத்து எடுத்துவருவது எல்லா அணிகளுக்கும் கைவராது. எனவே பல ஆட்டங்களை நிர்ணயிப்பது செகண்ட் பால்தான். அங்கே தோற்கும்போது நீங்கள் நடுக்களத்தில் ஒருவரைக் கூட்டியிருக்க வேண்டும் என்கிறீர்கள். பெரியவர் அந்த நடுக்கள ஆட்டக்காரர் இந்த லீகுக்குத் தகுதி இல்லாதவர் என்கிறார். வேகமான ஒரு சென்டர்-பேக் வந்தால் வரிசை பத்தடி முன்னே ஏறும். ‘தகுதியற்ற’ அதே ஆட்டக்காரர் அதன் பிறகு நன்றாகவே ஆடக்கூடும். இது ஆளைத் தேர்ந்தெடுப்பவரும் ஆட்டத்தை வகுப்பவரும் ஒரே மனதோடு வேலை செய்தால் மட்டுமே நடக்கும்.

ஓல்டாமில் அதுதான் நடக்கவில்லை. 2018 முதல் 2022 வரை வெல்லன்ஸ், பன், ஸ்கோல்ஸ், பானிட், மாம்ரியா, கியூவெல், கர்ல், ஷெரிடன் என்று பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இடைக்காலமாக வந்தவர்களை நான் சேர்க்கவில்லை. சிறுவயதிலிருந்தே ஓல்டாம் ரசிகரான பால் ஸ்கோல்ஸ் 2019-இல் 31 நாட்கள், ஏழு ஆட்டங்கள் மட்டுமே இருந்துவிட்டு விலகினார். ஒருவர் தம் திட்டத்துக்காக அழைத்துவந்த ஆட்டக்காரரை அடுத்தவர் வேறொரு திட்டத்தில் ஆடவைக்கிறார். அதற்கடுத்தவர் பெஞ்சில் உட்காரவைக்கிறார். இப்படி ஐந்தாறு கைகள் சேர்த்த அணியின் தரத்தை அளக்க அளவுகோலே கிடையாது.

உங்கள் பெரியவர் ஜோ ராய்லின் காலத்தை நேரில் பார்த்திருப்பார். 1982 முதல் 1994 வரை பன்னிரண்டு ஆண்டுகள் பயிற்சியாளர் பொறுப்பில் ஒரே மனிதர். லீட்ஸ் வேண்டாம் என்று விடுவித்த டெனிஸ் இர்வினைக் காசில்லாமல் கொண்டுவந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மான்செஸ்டர் யுனைடெட் அவரை 6,25,000 பவுண்டுக்கு வாங்கியது. மான்செஸ்டர் சிட்டியிலிருந்து ஏர்ல் பாரெட் வந்தது 35,000 பவுண்டுக்கு. ஆஸ்டன் வில்லாவுக்குப் போனது 17 லட்சத்துக்கு. 1990-இல் லீக் கோப்பை இறுதி, 1991-இல் இரண்டாம் டிவிஷன் பட்டம், அடுத்த ஆண்டு பிரீமியர் லீகின் முதல் அணிகளில் ஒன்றாக ஓர் இடம். எல்லாம் பவுண்டரி பார்க்கில் அன்று இருந்த செயற்கைப் புல்தரையின் தயவு என்று பலர் சொன்னார்கள். 1991-இல் அதைப் பெயர்த்தெடுத்த பிறகும் அணி அன்றைய உச்ச நிலையான முதல் டிவிஷனில் நிலைத்து நின்றதால் நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. இர்வின் லீட்ஸிலும் அதே இர்வின்தானே? ராய்ல் தமக்கு எப்படிப்பட்ட பக்கவாட்டுப் பின்கள ஆட்டக்காரர் வேண்டும் என்பதை அறிந்திருந்தார், தேடிக் கண்டுபிடித்தார், ஆடவைத்தார். வாங்கியவரும் பயன்படுத்தியவரும் ஒருவரே.

திரும்பி வந்த கதையிலும் இதே பாதையைத்தான் பார்க்கிறேன். 2022 கோடையில் உள்ளூர்க்காரரான ஃபிராங்க் ராத்வெல் கழகத்தை வாங்கினார். உடனே எதுவும் நடந்துவிடவில்லை. நேஷனல் லீகில் முதல் ஆண்டு பன்னிரண்டாம் இடம். 2023 அக்டோபரில் மிக்கி மெலன் பயிற்சியாளராக வந்தார், அந்தப் பருவத்தில் பத்தாம் இடம். அப்போதும் ஸ்டாண்டில் இதே வழக்கு நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அவரை மாற்றாமல் இன்னொரு கோடையை அவர் கையில் கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் ஐந்தாம் இடம், மேலேறும் இடத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்கள், 2025 ஜூன் முதல் தேதி வெம்ப்ளியில் கூடுதல் நேரத்தில் சவுத்எண்டை 3-2 என்று வென்று லீகுக்குத் திரும்பினார்கள்.

ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவதில்லை என்று ரசிகர்கள் சொல்வதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் குடும்பம் நடத்துபவர்கள் அவர்கள். அடுத்த ஒப்பந்தம் அந்தக் களத்தில்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தில் நீங்களும் பெரியவரும் முதல் இருபது நிமிடங்கள் பந்தைப் பார்க்க வேண்டாம். கோல்கீப்பர் உதைக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் கடைசி வரிசை எங்கே நிற்கிறது, பந்து விழும் இடத்துக்கு முதலில் வருபவர் யார் என்று மட்டும் ஆளுக்கொரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.