லினக்ஸில் தற்காலிக ஃபைல்கள்: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது? கேள்வி பதில்

கேள்வி: டிஸ்க் நிறைந்துவிட்டது. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) நுழைந்து டெம்ப் ஃபோல்டரை (/tmp) மொத்தமாகத் துடைத்துவிடலாமா?

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் வேண்டாம். அங்கே கிடப்பதெல்லாம் குப்பை இல்லை. ஓடுகிற புரோகிராம்கள் தங்களுக்குள் பேசும் சாக்கெட், 'இது பயன்பாட்டில் இருக்கிறது' என்று காட்டும் பூட்டு ஃபைல் (lock), பாதி முடிந்த வேலை எல்லாமே அங்கேதான். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) டெம்ப்பில் 10 நாள், வார் டெம்ப்பில் (/var/tmp) 30 நாள் தாண்டியவை தானாகவே கழிந்துவிடும்.

கேள்வி: 10 நாள் ஆகியும் ஒரு ஃபைல் போகவில்லையே?

பதில்: யாரோ அதைப் படித்திருப்பார்கள். திருத்திய நேரத்தோடு கடைசியாகப் படித்த நேரத்தையும் சிஸ்டம்டி பார்க்கும்.

கேள்வி: 8 ஜிபி லாக்கை (புரோகிராம் எழுதும் பதிவு ஃபைல், log) அழித்தேன் சார். டிஸ்க்கில் மீதி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையில் பழைய கணக்கே வருகிறது. இடம் எங்கே போனது?

பதில்: எங்கேயும் போகவில்லை. நீங்கள் எடுத்தது பெயரை மட்டும்தான். ஏதோ ஒரு புராசஸ் (ஓடுகிற புரோகிராம்) அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது மூடும்வரை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இடத்தை விடாது. திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு 'பிளஸ் எல் 1' சேர்த்து (lsof +L1) ஓட்டுங்கள். பெயர் போன பின்னும் திறந்திருக்கும் ஃபைல்களும், பிடித்திருக்கும் புராசஸின் எண்ணும் வரும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே திரும்பும். டேட்டாபேஸ் என்றால் கில் மைனஸ் 9 (வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை) போடாதீர்கள், முறைப்படி நிறுத்துங்கள். அடுத்த முறை ஓடுகிற லாக்கை அழிக்க வேண்டாம், ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். அதைவிட நல்லது, பழைய லாக்குகளைத் தானாகவே சுழற்றி நீக்கும் லாக்ரொட்டேட்டிடம் விட்டுவிடுவது.

கேள்வி: ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் டெலிட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் கடைசியில். நிபந்தனைகளை அது இடமிருந்து வலமாகப் பார்க்கும். டெலிட் முன்னால் நின்றால், 'பழையவை மட்டும்' என்பதைப் படிக்கும் முன்பே எல்லாம் காலி. முதலில் டெலிட்டுக்குப் பதில் பிரிண்ட் போட்டு, பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். சோம்பல்படக் கூடாத இடம் இது.

கேள்வி: டெபியன் 13 (ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ) போட்ட பிறகு, ரீபூட் ஆனதும் டெம்ப் காலியாகிறது. கோளாறா?

பதில்: இல்லை. புதிதாக இன்ஸ்டால் செய்தால் அதில் டெம்ப் இருப்பது ரேமில். உச்சவரம்பு ரேமில் பாதி. பெரிய ஐஎஸ்ஓவை (டிஸ்க் இமேஜ் ஃபைலை) அங்கே இறக்கினால் டிஸ்க் தப்பும், மெமரி திணறும். ரீபூட் தாண்டி வேண்டியதை வார் டெம்ப்பில் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் இடத்தை எங்கே மீட்பது?

பதில்: டெபியனில் இறக்கி வைத்த பேக்கேஜ் ஃபைல்களை நீக்கும் ஆப்ட் கிளீன் ஓட்டுங்கள், சிஸ்டம்டியின் ஜர்னல் லாக்கை வேக்யூம் செய்து (பழையவற்றை நீக்கி) குறையுங்கள். அப்புறம் உங்கள் ஹோமில் (பயனர் ஃபோல்டரில்) மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டர் (.cache). பிரவுசரை மூடிவிட்டு அதில் கை வையுங்கள்.