பதினோரு வாட்ஸாப் குழுவுக்குப் பதில் ஒரு பலகை

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் யூனிட் நடத்துகிறோம். மூன்று ஷிப்ட், 60 பேர். குடோனும் டெஸ்பாட்சும் கடலூரில். இதற்குள் 11 வாட்ஸாப் குழுக்கள். போன வாரம் யார் என்ன சொன்னார் என்று தேடினால் கிடைப்பதில்லை. ட்விட்டர் மாதிரி கம்பெனிக்குள்ளேயே குறும்பதிவு போடும் வசதி இருக்கிறதாமே, எங்களுக்குச் சரிப்படுமா? எதை வாங்குவது, எப்படி ஆரம்பிப்பது?

பதில்: சரிப்படும். ஆனால் 11 குழுவையும் அப்படியே அங்கே கொண்டுபோய்க் கொட்டினால் ஒரே மாதத்தில் அதுவும் பன்னிரண்டாவது குழுவாகிவிடும். பேச்சு வாட்ஸாப்பிலேயே நடக்கட்டும். நாளைக்கு வேறொருவர் தேடப்போகிற விஷயம் மட்டும் குறும்பதிவுக்குப் போகவேண்டும். இந்தக் கோட்டை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸாப் செய்தி ஆளைப் பார்த்துப் போகிறது. குறும்பதிவு விஷயத்தின் பெயரில் நிற்கிறது. பதில்கள் அதன் அடியிலேயே சேர்கின்றன. புதிதாக வந்த சூப்பர்வைசரும் மூன்று மாதம் முந்தைய பழுதை எடுத்துப் படிக்கலாம். வேலையை விட்டுப் போகிறவர் கம்பெனித் தகவலைத் தன் போனிலேயே கொண்டுபோவதும் குறையும்.

எந்தக் கருவி? மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஏற்கெனவே கட்டுகிறீர்கள் என்றால், அதில் வைவா எங்கேஜ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2008-ல் யாமர் என்ற பெயரில் வந்ததுதான் அது. 2012-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஜோஹோ மெயில், ஜோஹோ புக்ஸ் பழகியவர்களுக்கு ஜோஹோ கனெக்ட் சுலபம். மாஸ்டோடான் என்ற குறும்பதிவு மென்பொருள் இலவசம் என்று யாராவது சொல்வார்கள். அது அடிப்படையில் வெளியுலகத்தோடு பேசுவதற்காகக் கட்டப்பட்டது. சர்வரைப் பூட்டிவைக்கவும், அப்டேட், பேக்கப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். 60 பேருக்கு அந்த வேலை வீண்.

பணம் கட்டுவதற்கு முன் இலவசச் சோதனைக் காலத்திலேயே ஒன்றைப் பாருங்கள். போனில் #பழுது என்று ஒரு குறிச்சொல்லை (ஹேஷ்டேக்) அடித்துப் பதிவிடுங்கள். நிறம் மாறி இணைப்பாகத் தெரிவது முழுச் சொல்லா, #பழ என்பதோடு நின்றுவிடுகிறதா? தமிழில் துணைக்குறி, புள்ளி எல்லாம் கணினிக்குத் தனித்தனிக் குறிகள்; சில மென்பொருள்கள் அவற்றை எழுத்தாகவே மதிப்பதில்லை, அந்த இடத்தில் வெட்டிவிடும். அடுத்தது #லோடு. ‘லோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டையும் சமப்படுத்தாத மென்பொருளில், ஒரு போனில் போட்ட #லோடு இன்னொரு போனில் தேடினால் வராது. இரண்டு வேறு கீபோர்டில் அடித்துப் பாருங்கள். சிக்கல் இருந்தால் #லோடு வேண்டாம், #வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பது இதற்குத் தீர்வல்ல. பழுது என்பதை ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்கில் எழுதுவார்கள்.

குறிச்சொல் ஆறுக்கு மேல் வேண்டாம். உங்களுக்கு #பழுது, #சரக்கு, #வண்டி, #தரம், #லீவு, #கரண்ட் போதும். ஏ4 தாளில் பெரிதாக அச்சடித்து ஷிப்ட் மேஜைக்கு மேலே ஒட்டுங்கள். இஷ்டப்படி புதுக் குறிச்சொல் உண்டாக்க விடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காமல் ஷிப்ட் மாற்றும்போது ஒப்படைக்கிற தகவலில் ஆரம்பியுங்கள். ‘சார் மூணாவது மெஷின் போச்சு’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதப் பழக்குங்கள்:

‘#பழுது மெஷின் 3. ஹீட்டர் பேண்டு எரிஞ்சுடுச்சு, ராத்திரி 2.40-லேர்ந்து நிறுத்தம். ஸ்பேர் கடலூர் குடோன்ல 2 இருக்கு, காலை 6 மணி வண்டியில வருது. மோல்டு கழட்டல.’

எந்த மெஷின், என்ன ஆச்சு, எப்போதிருந்து, அடுத்து என்ன, எதைத் தொடவில்லை. பேச்சுத் தமிழே போதும், இலக்கணம் பார்க்காதீர்கள். சரிசெய்ததும் புதுப் பதிவு போடக்கூடாது; அதற்கு அடியிலேயே ‘7.50-க்கு ஓட ஆரம்பிச்சாச்சு’ என்று பதில் போடவேண்டும். இது பழக மூன்று வாரமாவது ஆகும். அடுத்த முறை பேண்டு எரியும்போது, போன தடவை எத்தனை நாள் தாங்கியது என்பது அங்கேயே கிடைக்கும்.

#லீவு உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் புதுச்சேரிக்கு அரசு விடுமுறை, கடலூருக்கு வேலைநாள். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் காலண்டர் வேறு. யூனிட் மூடியிருக்கும் நாளில் குடோனிலிருந்து வண்டி வந்து கேட்டில் நிற்காமலிருக்க, இரண்டு நாள் முன்பே ஒரு பதிவு போடவேண்டும்.

ஷாப் ஃப்ளோரில் போனுக்குத் தடை இருந்தால் ஷிப்ட் மேஜையில் ஒரு டேப்லட் வையுங்கள். சூப்பர்வைசர் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வேண்டும். ஒரே லாகினை எல்லோரும் போட்டால் எழுதியது யார் என்பதே சண்டையாகும். நோட்டிஃபிகேஷன் ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் அடிக்கும்படி இருந்தால் அணைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டாம் நாளே ஆப்பை ம்யூட் பண்ணிவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு படுத்துக்கொள்வது பெரும்பாலும் முதலாளியால்தான். பழுதைப் பதிவிட்ட முதல் ஆளை எல்லோரும் பார்க்க அங்கேயே திட்டினால், அதற்குப் பிறகு எந்தப் பழுதும் பதிவாகாது. கண்டிப்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள். குறும்பதிவில் கேட்டதற்கு நீங்கள் வாட்ஸாப்பில் பதில் சொன்னாலும் அதே கதிதான். நீங்களே தினம் ஒரு பதிவாவது போடுங்கள்; குட்மார்னிங் படம் அல்ல.

சம்பளம், கொள்முதல் விலை, வாடிக்கையாளர் போன் நம்பர், மருத்துவக் காரணம் எதுவும் அங்கே வரக்கூடாது. ‘வெள்ளி லீவு’ போதும், ‘ஆபரேஷன்’ வேண்டாம். விலை ஒப்புதல் மெயிலில் இருக்கட்டும். வேலையை விட்டவர் லாகினை அன்றைக்கே மூடுங்கள். அடிபட்டால், தீப்பிடித்தால் முதலில் போன்; பதிவு பிறகு. புயல் காலத்துக்கும் இதை நம்பவேண்டாம். கரண்டும் டவரும் போனால் எந்த ஆப்பும் வேலை செய்யாது. டிரைவர், குடோன் ஆள், எலக்ட்ரீஷியன் நம்பர்கள் தாளில் இருக்கட்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மழை பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாலு வாரம் கழித்து ஒரு சோதனை. ‘மெஷின் 3-ல் பேண்டு எப்போது மாற்றினோம்’ மாதிரி ஐந்து கேள்வி எழுதி, அந்த வேலையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம். நாலுக்காவது பதில் வந்தால் அடுத்த குறிச்சொல்லுக்குப் போகலாம். வராவிட்டால் ஆப்பை மாற்றாதீர்கள், எழுதும் முறையைப் பாருங்கள்.

பழைய குழுக்களை உடனே கலைக்கவேண்டாம். அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி செட்டிங்கை மாற்றி ஒரு மாதம் விடுங்கள். அதற்குள் யார் எதற்காக அங்கே திரும்பி வருகிறார் என்று தெரிந்துவிடும். சாப்பாடு, பிறந்தநாள், கிரிக்கெட் குழுவை மட்டும் தொடாதீர்கள். அதை மூடினால் அந்தப் பேச்செல்லாம் #பழுது-க்குள் வந்துவிடும்.