கைபேசியில் 300 எண்கள், பேச ஒருவரில்லை

கேள்வி: தேனியிலிருந்து வந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 2 வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 26. கம்பெனியில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால், ஞாயிற்றுக்கிழமை ரூம் கதவைச் சாத்தினால் திங்கள் காலைவரை பேச ஆளில்லை. எனக்குத்தான் பழகத் தெரியவில்லையோ?

பதில்: அப்படியில்லை தம்பி. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் 6 பேரில் ஒருவருக்கு இந்தத் தனிமைத் தவிப்பு உண்டு. இள வயதினரிடம் இன்னும் அதிகம்.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நல்ல நண்பராக 90. நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் பெரிதாகச் சேராது. 2 வருடம் கம்பெனியில் இருந்தும் ஏன் ஒட்டவில்லை என்பது இப்போது புரிகிறதா?

அதனால் நண்பரைத் தேடாதீர்கள். அதே ஆட்கள், அதே இடம், அதே நேரம் என்று வாராவாரம் கூடுகிற ஓர் இடத்தைத் தேடுங்கள். நம் பக்கத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி (வள்ளி–முருகன் கதையைப் பாடி, வட்டமாக நின்று ஆடும் கும்மி) பல ஊர்களில் மாலையில் நடக்கிறது. இந்தக் கலைக்காகத்தான் மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். கூச்சக்காரர்களுக்கு இது வெகு பொருத்தம். வட்டத்தில் நின்றால் பேசியாக வேண்டியதில்லை; அடி தப்பினால் பக்கத்தில் நிற்பவரே காலைக் காட்டித் திருத்துவார். பேச்சு அங்கே தானாகப் பிறக்கும். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் குழுதானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் 2 நாள், 2 மணி நேரம் போனால் 3 மாதத்தில் 50 மணி நேரம் ஆகிவிடும்.

பலரும் மூன்றாவது வாரம் நின்றுவிடுகிறார்கள். புது ஆளாகவே பார்க்கிறார்களே என்ற சலிப்புதான் காரணம். அதைத் தாண்டுங்கள். பயிற்சி முடிந்ததும் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். டீக்கடையில் நிற்கும் 20 நிமிடம் மிக முக்கியம். ‘ஒரு நாள் பார்க்கலாம்’ என்றால் அந்த நாள் வராது. ‘ஞாயிறு காலை 7 மணிக்கு டிபன் சாப்பிடப் போறேன், வர்றீங்களா?’ என்று கேளுங்கள். ஷிப்மென்ட் (சரக்கு அனுப்பும்) நேரத்தில் அவர் இரண்டு முறை வரவில்லை என்றால் அது மறுப்பு ஆகாது.

தூக்கமும் பசியும் 2 வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ உடனே 14416-க்கு (டெலி மானஸ்) பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அவிநாசி பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) அம்மா (68) தனியாக இருக்கிறார். பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்கிறேன். ‘சாப்டீங்களா’வுக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை.

பதில்: முதலில் அம்மாவின் காதைப் பரிசோதியுங்கள். காது மந்தமானால் பாதி புரியாமலேயே ‘செரி செரி’ என்று போனை வைத்துவிடுவார்கள். அப்புறம் நோம்பி (திருவிழா), கல்யாணம் என்று எதற்கும் போகமாட்டார்கள். சில நேரம் வெறும் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

அவருக்குத் தெரிந்ததை, உங்களுக்குத் தேவையானதைக் கேளுங்கள்: ‘அரிசிம்பருப்புச் சாதம் குழையாம வர எவ்வளவு தண்ணி ஊத்தணும்மா?’ நலம் விசாரித்தால் ஒரு வார்த்தையில் முடியும். யோசனை கேட்டால் பேச்சு நீளும்.

அவசரப்பட்டு பெங்களூர் பிளாட்டுக்கு அழைத்துப்போகாதீர்கள். மாடும் சந்தையும் பக்கத்துச் சாளைக்காரரும்தான் இப்போது அவருக்கு மிச்சமிருக்கும் துணை. பக்கத்துச் சாளையில் உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.