பழைய புல்லட்டுக்குப் புதுப் பெயின்ட்: எதை எப்படி உரிப்பது?

கேள்வி: அப்பா ஓட்டிய, 1970களில் வாங்கிய புல்லட் 350-க்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன். மேலே மூன்று நான்கு கோட் ஏறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிப் பெயின்ட்டை உரிப்பது) கொடுக்கச் சொல்கிறார் பெயின்டர். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். எது சரி?

பதில்: முழு வண்டிக்கும் ஒரே முறை சரிப்படாது. ஃபிரேம், ஸ்டாண்ட் போன்ற கனமான இரும்புப் பாகங்களைத் தாராளமாக பிளாஸ்டிங்குக்கு அனுப்புங்கள். பேரிங் உட்காரும் இடங்களையும் மரைகளையும் அடைத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மணல் படவே கூடாது. எண் மங்கிப்போனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அலைய வேண்டியிருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட்டை இளக்கும் ரிமூவர் தடவிக் கையால் சுத்தம் செய்து, எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்டிக் சோடாவைப் பற்றி எனக்குப் பயம் அதிகம். ஹெட்லைட் உட்காரும் தலைப்பகுதி அலுமினிய வார்ப்பு. காஸ்டிக் அலுமினியத்தை அரித்துவிடும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். இரும்பிலும் மடிப்புகளில் காஸ்டிக் தங்கிவிட்டால் பின்னாளில் அங்கிருந்தே பெயின்ட் கொப்புளிக்கும். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

டேங்க்தான் உங்கள் நிதானம் முழுவதையும் கேட்கும் பாகம். பிளாஸ்டிங் வேண்டாம், தகடு நெளியலாம், உள்ளே மணல் போனால் கார்புரேட்டர் வரை தொல்லை. ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), கிரைண்டர் இரண்டையும் கிட்டே கொண்டுவராதீர்கள். பெட்ரோலை வடித்துவிட்டோமே என்று நினைக்கலாம், ஆனால் காலி டேங்கில் தங்கும் ஆவிதான் தீப்பற்றும். வடித்து, கழுவி, காயவிட்டு, மூடியையும் பெட்ரோல் குழாய் மாட்டும் துளையையும் இறுக அடைத்துவிட்டு ரிமூவரை எடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. புல்லட் தயாரான சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்க் கோடுகளைக் கையால்தான் இழுத்தார்கள். அந்தக் கோடு உங்கள் டேங்கில் மிஞ்சியிருந்தால் அகலத்தை அளந்து, பட்டர் பேப்பரில் வளைவைப் பிரதி எடுங்கள். மேலே வேறு பெயின்ட் மூடியிருந்தால், ஓர் ஓரத்தில் 400 எண் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மெதுவாகத் தேய்த்தால் பெயின்ட் அடுக்கடுக்காக வெளிப்படும். பழைய நிறம் டேங்கின் அடிப்பக்கத்திலும் இருக்கலாம். உரித்த பிறகு இதெல்லாம் திரும்பக் கிடைக்காது.

ரிமூவரைத் திறந்த வெளியில், நிழலில், காலையிலேயே தடவுங்கள். பல ரிமூவர்களில் உள்ள மெத்திலீன் குளோரைடு 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெயிலில் தடவினால் பெயின்ட்டை இளக்கும் முன்பே அது ஆவியாகும், மூடிய அறையில் அந்த ஆவி உயிரையே எடுக்கும். சாதாரண ரப்பர் கையுறை அதைத் தடுக்காது, டப்பாவில் சொல்லியிருக்கும் கையுறையையே வாங்குங்கள். கண்ணாடியும் போடுங்கள். கெட்டியாக, ஒரே திசையில் தடவி, பாலிதீன் தாளால் மூடி, சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் கரண்டியால் வழியுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். மட்கார்டுக்கும் இதே முறைதான்.

மிச்சத்தைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேயுங்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த தூசி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. பழைய பட்டி தென்பட்டால் அதையும் எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் அதன் அடியில் துரு இருக்கும்.

சரி, எல்லா இடத்திலும் இரும்பு தெரியும்வரை போக வேண்டுமா? கொப்புளமோ வெடிப்போ இல்லாமல் பிடிப்பாக இருக்கும் ஒரிஜினல் பெயின்ட் அடுக்கை நான் எடுக்கவே மாட்டேன். சொரசொரப்பாக்கி அதன் மேலேயே பிரைமர் அடிக்கலாம்.

உரித்த தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள். நன்றாகத் துடைத்து, காயவைத்து, தின்னரால் ஒருமுறை துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். கடற்கரை ஊர்க் காற்றில் ஒரே இரவில் துரு பூக்கும். பெயின்டர் தேதி கொடுக்காமல் ரிமூவர் டப்பாவைத் திறக்க வேண்டாம்.