கேமன் தீவில் வேலை: சம்பளத்துக்கு வரி இல்லை, சாமானுக்கு உண்டு

வணக்கம் அம்மா. மகன் சி.ஏ. முடித்துவிட்டு கேமன் தீவுகளில் ஒரு ஆடிட் நிறுவனத்தில் ஆஃபர் வாங்கியிருக்கிறார், வருமான வரியே கிடையாது என்கிறார்கள், ஆனால் அங்கே ஏற்கெனவே போயிருக்கும் பையன்களிடம் விசாரித்தால் அரிசி, பருப்பு, சோப்பு எல்லாமே விலை கேட்டாலே தலை சுற்றுகிறது என்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் நம்புங்கள். ஒன்று இருப்பதால்தான் மற்றதும் இருக்கிறது.

கேமன் என்பது கரீபியன் கடலில் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட மூன்று சின்னத் தீவுகள். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் கீழே, அதில் பாதிக்கு மேல் உங்கள் மகனைப் போல வேலைக்கு வந்தவர்கள்தான். அங்கே வருமான வரியும் கிடையாது, சொத்து வரியும் கிடையாது. அப்படியென்றால் அரசாங்கம் எதை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்துகிறது, ரோடு போடுகிறது? கம்பெனிகள் கட்டும் பதிவுக் கட்டணம், வெளிநாட்டவருக்கான வேலை அனுமதிக் கட்டணம், நிலம் வாங்கினால் முத்திரைத் தீர்வை, இவற்றோடு துறைமுகத்தில் வந்து இறங்கும் சாமான்கள் மீது போடும் இறக்குமதி வரி. சில அடிப்படை உணவுப் பொருட்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் பெரும்பாலான பொருட்களுக்கு 22 சதவீதம்.

இந்த 22 சதவீதம் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். கணக்குக்காக, அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் மயாமி நகரத்தில் 10 அமெரிக்க டாலருக்கு ஒரு சாமான் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் சேர்த்து 2 டாலர். வரி 10 டாலருக்கு அல்ல, 12 டாலருக்கு. அதாவது கப்பல் கூலிக்கும் சேர்த்தே வரி. 2 டாலர் 64 சென்ட் வரி போட்டதும் 14 டாலர் 64 சென்ட் ஆகிவிட்டது, இன்னும் சாமான் துறைமுகத்தை விட்டே நகரவில்லை. அதற்கு மேல்தான் இறக்குமதி செய்தவரின் லாபம், குடோன், லாரி, கடைக்காரரின் லாபம் எல்லாம்.

கப்பல் கூலி ஏன் அவ்வளவு என்றால், தீவு சுண்ணாம்புக்கல் பூமி, மேல்மண் மெல்லியது, ஆறு என்று ஒன்று கிடையாது. கொஞ்சம் மாம்பழம், மரவள்ளி, பூசணி, ஈரப்பலா விளையும், மீன் கிடைக்கும், மற்றதெல்லாம் கப்பலில் வந்தாக வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஃப்ளோரிடாவிலிருந்து. கொண்டுவந்து இறக்கிய கப்பல் திரும்பிப் போகும்போது ஏற்றிப்போக அங்கே சரக்கு இல்லை, காலி கன்டெய்னரோடு போகிறது. அந்த வெறும் பயணத்தின் செலவும் வந்த சாமான் தலையில்தான் விழும். மின்சாரம் பெரும்பாலும் டீசலை எரித்துத் தயாரிப்பது, அந்த டீசலும் கப்பலில் வருவது, குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது. ஆக, கடையில் நாள் முழுக்க ஓடும் ஃப்ரீஸரின் கரண்ட் பில்லும் ஒரு பால் பாக்கெட்டின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், 2004இல் ஐவன் புயல் மூன்று தீவுகளில் பெரியதான கிராண்ட் கேமனைப் புரட்டிப் போட்டது, அதனால் கட்டடத்துக்கான இன்ஷூரன்ஸும் அங்கே லேசான செலவில்லை.

சரி, இதெல்லாம் உள்ளூர்க்காரருக்கும் பொருந்துமே, வெளியிலிருந்து போனவருக்கு மட்டும் ஏன் அதிகம் வலிக்கிறது? விலைச்சீட்டு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் உள்ளூர்க் குடும்பம் பலவற்றில் சொந்த வீடு இருக்கும், கொல்லையில் மாமரம் இருக்கும், மீன் பிடிக்கப் போகும் சொந்தக்காரர் இருப்பார். நம் பையனுக்கு வாடகை முதல் அடி, சம்பளத்தில் பெரிய பங்கை அதுவே வாங்கிவிடும், முன்பணம் வேறு. அடுத்தது, அவர் தேடுவது பொன்னி அரிசி, துவரம் பருப்பு, புளி, பெருங்காயம். இவை பலமுறை இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போய், அங்கிருந்து இன்னொரு கப்பல் ஏறித் தீவுக்கு வருபவை. ஒவ்வொரு கைக்கும் ஒரு லாபம். போன புதிதில் வீட்டு நினைப்பில் எல்லாப் பிள்ளைகளும் இதில்தான் பணத்தை விடுகிறார்கள், அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பட்ஜெட்டில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். ஆஃபர் கடிதத்தில் சம்பளம் எந்த டாலரில் போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கேமன் டாலர் வேறு, அமெரிக்க டாலர் வேறு. 1 கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்குச் சமம் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். 60,000 கேமன் டாலர் என்றால் 72,000 அமெரிக்க டாலர். 60,000 அமெரிக்க டாலர் என்றால் கையில் 50,000 கேமன் டாலர்தான். கடையில் ஒட்டியிருக்கும் விலை கேமன் டாலரில் என்பதால், 5 என்று போட்ட ரொட்டி உண்மையில் 6 அமெரிக்க டாலர். சம்பளத்தை ஒரு டாலரிலும் செலவை இன்னொரு டாலரிலும் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, அப்புறம் மாசக் கடைசியில் முழிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கி மலைக்கவும் வேண்டாம், தக்காளியை ரூபாயில் பெருக்கிப் பதறவும் வேண்டாம் அம்மா. வாடகை, கரண்ட், தண்ணீர், சாப்பாடு, போக்குவரத்து, போன், ஊருக்கு வரும் டிக்கெட்டில் மாசப் பங்கு, எல்லாம் கேமன் டாலரிலேயே கழித்துவிட்டு மிஞ்சுவதை மட்டும் ரூபாயாக்குங்கள். அந்தத் தொகை இங்கே அவருக்குக் கிடைக்கக்கூடிய சேமிப்பைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். கொஞ்சம்தான் கூடுதல் என்றால், வெளிநாட்டு ஃபண்டுகளை, அதாவது பலரிடம் பணம் திரட்டி முதலீடு செய்யும் அமைப்புகளை, ஆடிட் செய்யும் அனுபவம் அவருடைய அடுத்த வேலைக்கு உண்மையிலேயே தேவையா என்று கேட்டு முடிவெடுங்கள். என் கருத்தைக் கேட்டால், முதலீட்டு ஃபண்ட் துறையில் நீடிக்க விரும்பும் பையனுக்கு கேமன் நல்ல இடம். வீட்டுக் கடனை ஒரே வருஷத்தில் அடைக்கலாம் என்ற ஒரே எண்ணத்தோடு போகிறவருக்கு அந்த விலைவாசி நிம்மதி தராது.

மருத்துவ இன்ஷூரன்ஸில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, முதல் சில வாரம் தங்க இடம் தருவார்களா, விமான டிக்கெட் யார் செலவு என்று ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வேலை அனுமதிக் கட்டணத்தை அங்குள்ள சட்டப்படி முதலாளிதான் கட்ட வேண்டும், ஊழியரிடம் பிடிக்கக் கூடாது. அதற்கென்று இங்கே எந்த ஏஜென்ட் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அமெரிக்கா வழியாகப் போவதென்றால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும், நாள் பிடிக்கும், இப்போதே பார்க்கட்டும்.

பெட்டியில் பொடி வகைகள், பெருங்காயம், ஒரு குக்கர் வையுங்கள். கறிவேப்பிலை, விதை, செடி எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். நம் வீட்டு மிக்ஸியையும் அனுப்பாதீர்கள், அங்கே அமெரிக்கா போல 110 வோல்ட் மின்சாரம், இது ஓடாது. அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கென்று 110 வோல்ட் மிக்ஸி சென்னையிலேயே விற்கிறார்கள், அதை வாங்கிக் கொடுங்கள்.